பெஹாலாவில் கடைந்த புஷ்கள்

புல்வெட்டி வண்டிகளின் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் என்னைப் பேசச் சொன்னார்கள். எண்ணெயை எப்போது மாற்றுவது, பெல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்பதெல்லாம் வண்டியோடு வரும் புத்தகத்திலேயே இருக்கிறது. அதைத் திரும்பச் சொல்லி உங்கள் பொழுதைப் போக்க மாட்டேன். ஆனால் ஒரு விபத்து நடந்த பிறகு, முதல் ஒரு மணி நேரத்தில் யார் என்ன பேசலாம், என்ன பேசக் கூடாது என்பது எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சந்தோஷமான கதை இல்லை.

எழுபதுகளில் நான் கல்கத்தாவின் தெற்கே ஒரு பழைய கிளப்பில் மைதான இயந்திரங்களுக்குப் பொறுப்பாளனாக இருந்தேன். அப்பா வங்கி வேலைக்காக வந்து தங்கிவிட்ட ஊர் அது. நான் படித்தது ஜாதவ்பூர் பக்கம், குடியிருந்தது டாக்குரியாவில். கிளப்பில் உட்கார்ந்து ஓட்டும் மோவர், அதாவது புல்வெட்டி வண்டி, ஒன்றே ஒன்று இருந்தது. கப்பலில் வந்த வண்டி. ஓட்டுபவரின் இருக்கைக்குக் கீழே, கத்திகளை மூடியபடி ஒரு கனமான இரும்புத் தட்டு தொங்கும். அதைத்தான் டெக் என்போம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கைகள் அதைத் தாங்கும். ஒரு நெம்புகோலை இழுத்தால் டெக் மேலே ஏறும், விட்டால் இறங்கும். அந்தக் கைகள் அசையும் மூட்டுகளில் மோதிரம் போல உட்கார்ந்திருப்பவை புஷ்கள். மூட்டு தேய்வதற்குப் பதிலாக அவை தேயும். தேய்ந்தால் டெக் ஆடும், புல் மேடும் பள்ளமுமாக வெட்டுப்படும். அப்போது பழையதைத் தட்டி எடுத்துவிட்டுப் புதிது போட வேண்டும்.

புதிது எங்கே கிடைக்கும்? வெளிநாட்டிலிருந்து வரவழைக்க லைசென்ஸ் வேண்டும். புல் வெட்டும் வண்டிக்கெல்லாம் லைசென்ஸ் கேட்டால் அன்றைக்குச் சிரிப்பார்கள். உள்ளூரில் யாராவது கடைந்து தர வேண்டும். அப்படித் தேடிப் போனபோதுதான் பெஹாலாவில் தாதாவைப் பார்த்தேன்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவருடைய பிள்ளைகள் இன்றும் அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர் என்றாலும் எல்லோரையும் போல நானும் தாதா, அதாவது அண்ணன், என்றே கூப்பிட்டேன். ஒரு பெரிய தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் இருந்தவர். கதவடைப்பில் அந்த வேலை போனது. கையில் இருந்ததைப் போட்டு ஒரு பழைய லேத், அதாவது கடைசல் இயந்திரம், வாங்கி, வீட்டின் முன்னறையிலேயே வைத்துக்கொண்டார். மின்சாரம் இருக்கும் நேரத்தில் கடைவார். போய்விட்டால் வாசலில் உட்கார்ந்து தேநீர் குடிப்பார். பெஹாலாவில் அப்போது மின்சாரம் இல்லாத நேரம்தான் அதிகம் என்பதால் நாங்கள் நிறையத் தேநீர் குடித்திருக்கிறோம். பேச்சு பாதி வங்காளம், பாதி ஹிந்தி. இங்கே தமிழில் தருகிறேன்.

ஒரு தடவை அவர் செய்து கொடுத்த புஷ்களை வண்டியில் போடத் தயாராக வைத்திருந்தேன். அவர் டிராமிலிருந்து இறங்கி, குடையை விரிக்கக்கூட மறந்து, நனைந்தபடி பட்டறைக்குள் வந்து நின்றார்.

“சங்கர் பாபு, போட்டுட்டீங்களா?”

“இன்னும் இல்ல தாதா.”

“திருப்பிக் கொடுத்துடுங்க. இந்தத் தடவை வந்த கன்மெட்டல் மேல எனக்கு நம்பிக்கை இல்ல. கடையும்போது சத்தம் வேற மாதிரி இருந்துச்சு. ராத்திரி முழுக்க அதே நினைப்பு.”

நான் பார்த்தவரை அவற்றில் எந்தக் குறையும் இல்லை. அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வேறு உலோகத்தில் கடைந்து கொண்டுவந்து தந்த பிறகுதான் சிரித்தார். எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், நடக்கப்போவது எப்படிப்பட்ட மனிதருக்கு நடந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

வண்டியை ஓட்டியவர் ராம்தனி. பீகாரில் மனைவி மக்களை விட்டுவிட்டு வந்தவர். மோவரை அவர் ஓட்டும் அழகைப் பார்க்கவே காலையில் சில உறுப்பினர்கள் வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்கள். மழைக்காலத்தில் ஈரப் புல் டெக்கின் அடியில் அப்பிக்கொள்ளும். அதைச் சுரண்டி எடுத்தால்தான் மேற்கொண்டு வெட்டும். அதற்கு எங்கள் பட்டறையில் ஒரு விதி இருந்தது. என்ஜினை நிறுத்தி, டெக்கைத் தூக்கி, அதன் அடியில் இரண்டு பக்கமும் மரக்கட்டைகளைக் கொடுத்த பிறகுதான் கையை விட வேண்டும். நெம்புகோலை மேலே பிடித்து நிறுத்தும் கொக்கி ஓர் இரும்புப் பெட்டிக்குள் மறைந்திருக்கும். அது தேய்ந்திருந்தால் வெளியே தெரியாது. அதனால்தான் கட்டை.

துர்கா பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. கிளப்பில் ஆண்டு விருந்துக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று காலை நான் ஒரு பெல்ட் தேடித் தர்மதலாவுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது மைதானத்தில் வண்டி மட்டும் தனியாக நின்றது. சுற்றிலும் மாலிகள், அதாவது கிளப்பின் தோட்டக்காரர்கள், நின்றார்கள். புல்லில் ரத்தம்.

டெக் விழுந்து ராம்தனியின் வலது கை சிக்கிவிட்டது என்றும், டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றும் தலைமை மாலி சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் கிளப் செயலாளர் வந்தார். கைக்குட்டையில் எதையோ பொதிந்து வைத்திருந்தார். பிரித்துக் காட்டினார். இடது பக்க மூட்டின் புஷ், இரண்டாக உடைந்து கிடந்தது.

“காரணம் கிடைச்சாச்சு சங்கரன். உங்க லோக்கல் சரக்கு. இன்னிக்கே ரிப்போர்ட் எழுதிடுங்க.”

“பார்த்துட்டு எழுதறேன் சார்.”

“இதுக்கு மேல என்ன பார்க்கணும்? அந்த ஆளுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிட்டேன்.”

தாதாவின் வீட்டில் போன் கிடையாது. தெருமுனை மிட்டாய்க் கடையில் கூப்பிட்டுச் சொன்னால் அவர்கள் ஆள் அனுப்பிக் கூட்டிவருவார்கள். செயலாளர் அவர் வரும்வரை காத்திருக்கவில்லை. கடைக்காரரிடமே சொல்லிவிட்டார்: உங்கள் தெரு லேத்காரர் செய்த புஷ் உடைந்து ஒருவனுடைய கை போய்விட்டது என்று. பூஜைக்கு இனிப்பு வாங்க வந்த கூட்டத்தின் நடுவே கடைக்காரர் அதை உரக்கத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டிருக்கிறார். தாதா அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனை எடுத்தபோது எதிர்முனையில் யாரும் இல்லை.

இது எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், வானம் கறுத்துக்கொண்டு வருகிறது என்பதுதான். பந்தல்காரர்கள் வண்டியை அகற்றச் சொல்லி அவசரப்படுத்தினார்கள். செயலாளர் இழுத்துப் போகச் சொன்னார். நான் முடியாது என்றேன். வாழ்க்கையில் மேலதிகாரியிடம் நான் அப்படிச் சொன்ன சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு. பட்டறையிலிருந்து தார்ப்பாய் கொண்டுவரச் சொல்லி, இடத்தை மூடி, தலைமை மாலியைக் கூடவே வைத்துக்கொண்டு மண்டியிட்டுப் பார்த்தேன்.

ஈர மண்ணில் டெக்கின் இரண்டு ஓரங்களும் பதிந்திருந்தன. இடது பக்கப் பள்ளத்தையும் வலது பக்கப் பள்ளத்தையும் அளந்தேன். இரண்டும் ஒரே ஆழம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இடது பக்க புஷ் முதலில் உடைந்திருந்தால் டெக் இடது பக்கம் சரிந்து, வலது பக்கத் தாங்கு கையில் தொங்கியிருக்கும். அப்படி நடக்கவில்லை. மொத்தமாக, தட்டையாக விழுந்திருக்கிறது. அப்படி விழ வேண்டும் என்றால் மேலே இருந்த கொக்கிதான் விட்டிருக்க வேண்டும். பெட்டியைத் திறந்தேன். கொக்கியின் பல் மழுங்கி, கூழாங்கல் மாதிரி இருந்தது. டெக் விழுந்த அதிர்ச்சியில்தான் புஷ் உடைந்திருக்கிறது.

“கட்டைங்க எங்கே?” என்று தலைமை மாலியைக் கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்தார்.

“சொல்லுங்க. யாரும் உங்களை ஒண்ணும் பண்ண மாட்டாங்க.”

அவர் பந்தலை நோக்கி நடந்தார். பின்னாலேயே போனேன். விருந்துக்காகப் போட்டிருந்த மேடையின் துணியைத் தூக்கிக் காட்டினார். மேடையின் கால்களுக்கு அடியில், புல் கறை படிந்த எங்கள் கட்டைகள். மேடை ஆடுகிறது என்று முந்தைய நாள் செயலாளரே எடுத்துவரச் சொல்லியிருக்கிறார். ராம்தனி காலையில் அவரிடமே போய்க் கட்டை கேட்டிருக்கிறார். இன்று ஒரு நாள் சமாளி, மத்தியானத்துக்குள் புல் வெட்டி முடிய வேண்டும் என்று பதில் வந்திருக்கிறது.

மழை பிடித்துக்கொண்டது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிஞ்சும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ராம்தனி விழித்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

“படுங்க ராம்தனி. எப்படி விழுந்துச்சு? சாய்ஞ்சு விழுந்துச்சா?”

“இல்ல பாபுஜி. ஒரேயடியா, அப்படியே வந்துச்சு.” “தப்பு என்னோடதுதான். கட்டை இல்லாம கையை விட்டிருக்கக் கூடாது. ஊருக்கு மட்டும் எழுதிடாதீங்க. பெரிய பொண்ணுக்குக் கல்யாணம் பேசிட்டிருக்காங்க.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திருநெல்வேலிக்காரி. தாதாவின் வீட்டுக்கு இரண்டு மூன்று தடவை வந்திருக்கிறாள்.

“ரிப்போர்ட் கெடக்கட்டும். மொதல்ல பெஹாலாவுக்குப் போங்க. அந்த மனுசன் இதைக் கேட்டுக்கிட்டுச் சும்மா இருப்பாகளா?”

ஆனால் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். டிராம் நின்றுவிட்டிருந்தது. மறுநாள் காலைதான் போக முடிந்தது.

முன்னறைக் கதவு மூடியிருந்தது. பௌதி, அதாவது தாதாவின் மனைவி, பின்பக்கம் வழியாகக் கூட்டிப்போனார். “நேத்திலேருந்து சாப்பிடலை. உள்ளே அறுத்துக்கிட்டே இருக்கார்” என்றார்.

லேத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார் தாதா. எதிரே, எங்களுக்காக முன்கூட்டியே செய்து வைத்திருந்த புஷ்கள் எல்லாம் இரண்டு இரண்டு பாதியாகக் கிடந்தன. ரம்பத்தால் ஒவ்வொன்றாக அறுத்து, உள்ளே ஓட்டை இருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். விரல்களில் கொப்புளம்.

“எதுலயும் ஒண்ணும் இல்ல சங்கர் பாபு” என்றார். “எல்லாம் சுத்தமா இருக்கு. அப்படின்னா அந்த ஒண்ணுலதான் இருந்திருக்கு.”

“தாதா, கேளுங்க. அதுலயும் இல்ல.” பள்ளங்களைப் பற்றிச் சொன்னேன். கொக்கியைப் பற்றிச் சொன்னேன். மேடைக்கு அடியில் கட்டைகளைப் பார்த்ததைச் சொன்னேன். அவருடைய சாக்கட்டியை வாங்கித் தரையில் படம் போட்டே காட்டினேன். அவர் வரைபடம் வரைந்து பிழைத்தவர். அந்தப் படம் அவருக்குப் புரியாமல் போயிருக்காது. செயலாளரிடமிருந்து வாங்கி வந்திருந்த உடைந்த புஷ்ஷை எடுத்து நீட்டினேன். உடைந்த இடம் பளபளவென்று ஒரே நிறமாக இருந்தது. பழைய விரிசல் என்றால் கறுத்திருக்கும். அவர் அதைத் தொடவில்லை.

“எந்தக் கை?” என்று கேட்டார்.

“வலது.”

தலையை ஆட்டினார். “நீங்க நல்ல மனுஷன் சங்கர் பாபு. எனக்காக எவ்வளவு யோசிச்சிருக்கீங்க” என்றார்.

திரும்பும்போது மிட்டாய்க் கடைக்குள் போனேன். வாங்க வந்தவர்கள் காதில் விழும்படி கடைக்காரரிடம் சொன்னேன்: புஷ்ஷில் எந்தத் தவறும் இல்லை, நான்தான் அந்தப் பட்டறையின் பொறுப்பாளன், நான் சொல்கிறேன் என்று. “அப்படியா” என்றார் அவர். சந்தேஷை எடை போடுவதைத் தொடர்ந்தார். கெட்ட சேதியைக் கேட்க நின்ற கூட்டம் நல்ல சேதியைக் கேட்க நிற்கவில்லை.

ரிப்போர்ட்டில் எல்லாவற்றையும் எழுதினேன். கொக்கியின் தேய்மானத்தை என் பிரிவின் கணக்கில் எழுதினேன். கட்டைகள் எங்கே இருந்தன, யார் சொல்லி எடுத்தார்கள் என்பதையும் எழுதினேன். கமிட்டி என்னைக் கூப்பிட்டது. ஒரு உறுப்பினர் மிகவும் அன்பாகவே பேசினார். “உள்ளூர் உதிரிபாகம் சரியில்லைன்னு ஒரு வரி போதும். அந்த லேத்காரனுக்கு இதனால என்ன நஷ்டம்? நாம ஒண்ணும் அவன் மேல வழக்குப் போடப் போறதில்லையே.”

அறுபட்டுக் கிடந்த புஷ்கள் என் கண்ணுக்கு முன்னால் வந்தன. “அவருக்கு ஆன நஷ்டத்தை நான் பார்த்துட்டு வந்தேன் சார்” என்றேன்.

தலைமை மாலி வந்து கட்டைகளைப் பற்றிச் சாட்சி சொன்னார். கைகட்டி நின்றுதான் சொன்னார். ஆனால் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. அன்று அவர் மாற்றியிருந்தால் என் ரிப்போர்ட் குப்பைக்குத்தான் போயிருக்கும். ராம்தனிக்கு நஷ்ட ஈடு கிடைத்தது. கிளப் வாசலில் ஒரு காவல் வேலையும் கொடுத்தார்கள். எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. அதைப் பெரிதாகச் சொல்வதற்கில்லை.

எல்லாம் முடிந்த பிறகு செயலாளரின் அறைக்குப் போய் ஒன்றே ஒன்று கேட்டேன். “நீங்களே ஒரு தடவை அந்தக் கடைக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்க சார். நீங்க சொன்னா அந்த லேத்காரர் நம்புவார்.”

அவர் உண்மையிலேயே புரியாமல் என்னைப் பார்த்தார். “எழுத்துல நான் யாரையும் குறை சொல்லலையே, சங்கரன்.”

நீங்களும் ஒரு நாள் உடைந்த உதிரிபாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பீர்கள். சுற்றிலும் ரத்தமும் கூச்சலும் இருக்கும், யாரோ ஒருவர் உடனே ஒரு பெயரைக் கேட்பார். கையில் இருக்கும் பொருள் உடைந்திருக்கிறது என்பதால் அதைச் செய்தவனின் பெயரைச் சொல்வது மிகச் சுலபம். அந்தக் கேள்விக்கு “இன்னும் தெரியாது” என்று சொல்லுங்கள். திட்டுவார்கள், கையாலாகாதவன் என்பார்கள். சொல்லிக்கொண்டே மண்ணைப் பாருங்கள், கொக்கியைப் பாருங்கள், இருக்க வேண்டிய எது அங்கே இல்லை என்று பாருங்கள். நான் சரியாகத்தான் பார்த்தேன், சரியாகத்தான் எழுதினேன். ஆனால் எனக்கு முன்னால் ஒருவர் பேசிவிட்டார். நான் எழுதியதால் ராம்தனிக்குச் சோறு கிடைத்தது. தாதாவை மீட்க அதனால் முடியவில்லை.

ஒரு முயற்சி மிச்சம் இருந்தது. காயம் ஓரளவு ஆறி ராம்தனி நடமாடத் தொடங்கியதும், அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். உடனே கிளம்பிவிட்டார். “நான் சொன்னா கேக்க மாட்டாரா பாபுஜி? அடிபட்டவன் நான்தானே?” எனக்கும் அதே நம்பிக்கைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் டிராம் ஏறினோம்.

வாசலில் ராம்தனியைப் பார்த்ததும் தாதா எழுந்து நின்றார். பிறகு அவரே வந்து தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ப் பாயில் உட்கார வைத்தார். பௌதி சூடாக, பூரி போன்ற லூச்சியும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்து வைத்தார்.

“தாதா, உங்க மேல எந்தத் தப்பும் இல்ல” என்றார் ராம்தனி. “டெக் மொத்தமா விழுந்துச்சு. நான்தானே அடியில இருந்தேன். உங்க புஷ் நல்ல புஷ். எத்தனை மழைக்காலம் ஓட்டியிருக்கேன், எனக்குத் தெரியாதா?”

தாதா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ராம்தனி இடது கையால் லூச்சியைப் பிய்க்கப் பார்த்தார். முடியவில்லை, தட்டு நகர்ந்து நகர்ந்து போனது. தாதா பக்கத்தில் உட்கார்ந்து லூச்சியைச் சிறு சிறு துண்டுகளாகப் பிய்த்து, உருளைக்கிழங்கைத் தொட்டுத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தார். ராம்தனி வெட்கப்பட்டுக்கொண்டு எடுத்து எடுத்துச் சாப்பிட்டார்.

கிளம்பும்போது தாதா என்னை மட்டும் வாசலில் நிறுத்தினார். கோபம் எதுவும் இல்லை, மெதுவாகத்தான் கேட்டார்.

“இப்படிச் சொல்லணும்னு நீங்கதான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தீங்களா?”

நான் இல்லை என்றேன். அவர் என் கையை அழுத்திவிட்டு உள்ளே போனார். அந்த மாதமே லேத்தை விற்றுவிட்டார். பிறகு உறவினர் ஒருவரின் துணிக்கடையில் கடைசிவரை வேலை பார்த்தார். பூஜைக்குப் பூஜை நானும் மனைவியும் அங்கே போவோம். புடவைகளை விரித்துக் காட்டுவார், பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார். இயந்திரம் என்ற பேச்சையே எடுக்க மாட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டிராமில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்த ராம்தனி, பாதி வழியில் என் பக்கம் திரும்பினார்.

“அவர் நம்பலையா பாபுஜி?”

“நம்பலை.”

கட்டுப்போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

“நான்தான் சரியாச் சொல்லலையோ?” என்றார்.